பார்படோஸில் மூன்றாவது அறை

பயண முகவர் வேலை என்பது, நாம் ஒருநாளும் போகாத ஊர்களைப் பற்றி, போய் வந்தவர்களைவிட நிச்சயமாகப் பேசுகிற வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்த வேலையைத்தான் நான் ஆக்லாந்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒனிஹங்கா கடைத்தெருவில், ஒரு பேக்கரிக்கும் ஒரு சப்பாத்துக் கடைக்கும் நடுவில், ஜூடி என்ற பெண்மணி நடத்திய சின்னக் கடை அது. எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. என் பெயர் சுபாஷினி. ஜூடி முதல் நாளே அதைச் 'சூ' என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்.

இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம். உலகம் முழுவதும் எங்கள் சுவர்த் தட்டுகளில் வழுவழுப்பான புத்தகங்களாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. சிவப்புக் கார்பன் பூசிய விமான ரிக்கற் தாள்களின் மை விரல்களில் ஒட்டும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுதான் கவனிப்பேன். ஃபாக்ஸ் இயந்திரம் சுருண்டு சுருண்டு தாள் துப்பும். கவுண்டருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ உட்கார்ந்து 'ஜன்னலோர சீற் கிடைக்குமா' என்று கேட்டோ கேட்கப்பட்டோ அவதிப்பட்டவராக நீங்கள் இருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஜன்னலில் ஒரு தென்னை

எங்கள் கடை ஜன்னலில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. கரீபியன் தீவு ஒன்றின் கடற்கரை. வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னை, அதன் கீழே யாரும் உட்காராத இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒரு கம்பனி இலவசமாகக் கொடுத்தது என்பதற்காக ஜூடி ஒட்டியது. ஆக்லாந்து வெயிலில் கடலின் நீலம் முழுக்க வெளுத்து, மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஜூலை மாதத்து மழையில் பஸ்ஸுக்காக நிற்கிறவர்களுக்கு அந்த மோர்க் கடலே போதும். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, அங்கே போக என்ன வழி என்று கேட்பார்கள்.

வழியைச் சொன்னால் முகம் மாறும். லொஸ் ஏஞ்சலஸ், மயாமி, பிறகு இன்னொரு சின்ன விமானம். இங்கிருந்து சில மணி நேரத்தில் பிஜி இருக்கிறது, ராரோட்டோங்கா இருக்கிறது, இரண்டிலும் தென்னை இருக்கிறது. ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர் மூன்று வாரம் கரீபியன் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். மனைவிக்குத் தொப்பிகூட வாங்கிவிட்டார். கடைசியில் சுவரில் இருந்த உலகப் படத்தில் விரலை வைத்து, ஆக்லாந்திலிருந்து மெல்ல மெல்ல நகர்த்தி, நடுவில் நிறுத்தினார். 'இதே மரம் ராரோட்டோங்காவிலும் நிற்கிறது. நான் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறேன்' என்றார்.

மத்தியானப் பயணி

எங்கள் ஆட்களின் விஷயம் வேறு. அந்தக் காலத்தில் ஆக்லாந்துத் தமிழர் ஒருவர் விமானம் ஏறினால், ஒரு கலியாணம் நடந்திருக்க வேண்டும், ஒரு சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். சும்மா போவது, அதுவும் மணலில் படுப்பதற்குப் போவது, எங்கள் அகராதியில் இல்லை.

ஸ்ரீதர் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்தேன். தமிழ்நாட்டுப் பையன், பக்கத்தில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை, கலியாணமாகி ஒரு வருடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சான்ட்விச்சோடு வந்து, கரீபியன் புத்தகங்களை வரி விடாமல் படிப்பான். எந்தத் தீவில் அலை குறைவு, எங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும், எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மற்ற வாடிக்கையாளர்களின் கேள்விக்குச் சில நாட்களில் அவனே பதில் சொல்லியிருக்கிறான். டிசம்பர் வந்தது. நான் ரிக்கற் எழுதப் பேனாவைத் திறந்தேன். மெட்ராஸுக்கு இரண்டு என்றான். அப்போ இவ்வளவு நாளும் பார்த்த கடற்கரை என்று கேட்டேன். 'பீச்தானேங்க? மெரினாவும் பீச்தான். போனா அம்மாவையும் பாத்துட்டு வந்துடலாம்' என்றான்.

தவமணி அக்காவின் கடற்கரை

ஆகவே, ஒரு திங்கட்கிழமை தவமணி அக்கா வந்து ஜன்னல் படத்தைக் காட்டி, அங்கே மூன்று அறை வேண்டும் என்று கேட்டபோது, நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

தவமணி அக்கா எங்களூர்ப் பக்கம், யாழ்ப்பாணம். வீடு த்ரீ கிங்ஸில். ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. எங்கள் கடைக்கு எதிரேதான் பஸ் இறங்குவார். ஆக்லாந்தில் எந்தப் பக்கம் போனாலும் கடல் வரும். பத்து வருடத்தில் அவர் ஒரு கடற்கரைக்கும் போனதாக எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கூப்பிட்டால் காரிலேயே இருப்பாராம், மண் வீட்டுக்குள் வரும் என்று.

விஷயம் இதுதான். அக்காவின் மகள் வினோவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் ஆக்லாந்துதான். தாய்மாமன்மார் இரண்டு பேர்: லண்டனில் பெரியண்ணை, ரொறன்ரோவில் சின்னண்ணை. இருவருக்கும் ஏழெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கொழும்பில் தாயின் செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இப்போது கலியாணத்துக்கு அவன் வந்தால் நான் இல்லை என்று ஒருவர், அவர் வந்தால் நான் இல்லை என்று மற்றவர். வினோ, பாவம், இரண்டு மாமாமாரின் தோளிலும் ஏறி வளர்ந்த பிள்ளை. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மணவறையில் இருக்க மாட்டேன் என்று இங்கிலீஷில் அழுகிறாளாம். கலியாணத்துக்கு முன் இருவரையும் எப்படியாவது ஒரு இடத்தில் இருத்தியாக வேண்டும்.

இங்கேயே கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். அதற்குக் கரீபியன்வரை ஏன்? அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். 'லண்டனிலை வைச்சால் சின்னண்ணை படி ஏறமாட்டார். ரொறன்ரோவிலை வைச்சால் பெரியண்ணை படி ஏறமாட்டார். இஞ்சை வைச்சால் ரெண்டு பேரும் ஏறமாட்டினம். ஒருத்தற்றை வீடும் இல்லாத இடமாப் பாத்துத் தா, பிள்ளை' என்றார்.

தபால்காரன் கூப்பிட்ட சடங்கு

சண்டைக்குக் காரணம் காணியோ காசோ இல்லை. ரொறன்ரோவில் சின்னண்ணையின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு நடந்தது. லண்டனில் இருந்த தமையனுக்கு அழைப்பிதழ் தபாலில் போனது. கடித உறையில் பெயர்கூடக் கையால் எழுதாமல் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்தது. போன் வரவில்லை, ஆள் வரவில்லை. அந்நியருக்கு அனுப்பும் மாதிரி அனுப்பிவிட்டான் என்று பெரியண்ணை போகவில்லை. சொந்தத் தமையன் வராமல் சபையில் தலைகுனிய வைத்துவிட்டார் என்று சின்னண்ணை பேசவில்லை. நீங்களும் தமிழராக இருந்தால் இதை அற்பம் என்று சொல்ல மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

தவமணி அக்கா இருவருக்கும் தனித்தனியாகப் போன் பண்ணி, கலியாண அலுப்பு வருமுன் உங்களோடு நாலு நாள் இருந்து கதைக்க வேண்டும், தனிய வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். பெரியண்ணைக்குத் தூண்டில் கிரிக்கெட். சின்ன வயதில் வானொலியில் மேற்கிந்தியத் தீவுகளின் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். நான் பார்த்துக் கொடுத்த தீவு பார்படோஸ் என்றதும் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். சின்னண்ணைக்குத் தூண்டில் பெப்ரவரி மாதம். ரொறன்ரோ பனியிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் வருவார். அண்ணிமாருக்கு அழைப்பு இல்லை. அக்காவின் கணவரும், உங்கள் வீட்டுச் சண்டைக்கு நான் எதற்கு என்று ஒதுங்கிவிட்டார்.

ஹோட்டல் விபரம் கேட்க இருவருக்கும் எங்கள் கடை நம்பரைக் கொடுத்ததுதான் என் தலையில் விழுந்தது. ஒரு கிழமை லண்டனிலிருந்து போன் வரும், அடுத்த கிழமை ரொறன்ரோவிலிருந்து. இருவரும் சுற்றி வளைத்து ஒரே கேள்விக்கு வருவார்கள்: வேறு யாரும் வருகிறார்களா? மற்றவர்களின் அறை விபரம் சொல்லக்கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது, ஐயா, என்பேன். விதி என்றால் எங்கள் ஆட்கள் அடங்குவார்கள். பெரியண்ணை மட்டும் ஒருநாள் அடங்காமல், தம்பி என்று ஒருவன் இருக்கிறான், அவன் வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு என்றார். நான் மெல்ல, வந்தால்தான் என்ன ஐயா, சடங்குக்கு உங்களைக் கூப்பிட்டவர்தானே என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: 'அவன் எங்கை பிள்ளை கூப்பிட்டவன்? தபால்காரன் எல்லோ கூப்பிட்டவன்.'

கடைசியாகப் போகிறவர்

நான் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன். அக்கா முதலில் போய் இறங்குவார். அடுத்த நாள் இரண்டு அண்ணன்மாரும் சில மணி நேர இடைவெளியில் வந்து சேர்வார்கள். அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவராக வரவேற்று, மெல்ல மெல்ல விஷயத்தை அவிழ்ப்பார். ஜூடி அதைப் பார்த்து, நீ இந்தக் கடைக்குள் கிடக்க வேண்டியவள் இல்லை, ராஜதந்திரத்துக்குப் போயிருக்கலாம் என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

அக்கா தாளைத் தலைகீழாகத் திருப்பினார். சின்னண்ணை முதல் வரவேண்டும். அடுத்த நாள் பெரியண்ணை. அதற்கும் அடுத்த நாள்தான் அக்கா. இதற்காக மயாமி விமான நிலையத்தில் ஒரு முழு நாள் குந்தியிருக்க வேண்டும், பரவாயில்லையாம். நான் படாத பாடு பட்டேன். நீங்கள் இல்லாமல் இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில் ஒரு நாள் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்கள், பிறகு நீங்கள் போய் யாரோடு கதைப்பது என்று கேட்டேன். ஜூடியும் தன் பங்குக்கு, கூப்பிட்டவர்தான் முதலில் போய் நிற்க வேண்டும், எங்கும் அதுதான் முறை என்றார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கைப்பையை மூடினார். 'நான் நிண்டால் ரெண்டு பேரும் என்னோடைதான் கதைப்பினம், பிள்ளை' என்றார்.

மிளகாய் உண்டா

ஹோட்டல் என்றால் மூன்று வேளையும் அவர்களே சாப்பாடு போடுவார்கள் என்ற செய்தி அக்காவைக் கவரவில்லை. தன் அண்ணன்மாருக்குத் தான் சமைத்துப் போட வேண்டும். ஆகவே அறையோடு சின்னச் சமையலறை உள்ள ஒரு விடுதியைத் தேடிப் பிடித்தேன். கடலைப் பார்த்த மூன்று அறை, அறைக்கு முன்னால் வராந்தா. அக்கா வராந்தாவை மட்டும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கடல் பக்கத்தில் இருக்கிறது என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

பிறகு கேள்விகள். அங்கே அரிசி கிடைக்குமா, தேங்காய் கிடைக்குமா, மீன் என்ன மீன், பச்சைமிளகாய் உறைக்குமா? எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி ஃபாக்ஸ் போட்டேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. மற்ற முகவர்கள் நீச்சல் குளத்தின் நீளம் கேட்பார்கள், நான் மிளகாயின் உறைப்புக் கேட்கிறேன். மறுநாள் காலை கடை திறக்கும்போது பதில் சுருண்டு கிடந்தது. விடுதி வரவேற்பில் இருந்த பெண் கைப்பட எழுதியிருந்தாள்: 'அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் மிளகாயைச் சாப்பிட்டுவிட்டு அவர்தான் தண்ணீர் கேட்கப் போகிறார்.'

கடைக்குள் தொடங்கிய பயணம்

பயணத் தேதி சரி. நேரம் சரியில்லை. விமானம் மாலையில். பஞ்சாங்கப்படி வீட்டை விட்டு வெளிக்கிட நல்ல நேரம் காலை எட்டு மணிக்குள். போதாக்குறைக்கு, ஆக்லாந்தில் மாலையில் ஏறினால் லொஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலையில் இறங்குவீர்கள் என்று நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். வெளிக்கிட்ட நேரத்துக்கு முந்தியே போய் இறங்கினால் எந்த நேரத்தை நல்ல நேரம் என்று பார்ப்பது என்று அக்கா ஒரு கிழமை யோசித்தார். கோயில் ஐயரும் கைவிரித்துவிட்டார்.

கடைசியில் அக்காவே வழி கண்டுபிடித்தார். புறப்பட்ட நாளன்று காலை எட்டு மணிக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பெட்டியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார். த்ரீ கிங்ஸிலிருந்து விமான நிலையம் போகிற வழிதானே. வீட்டுக்குத் திரும்பக்கூடாது, சகுனம் கெடும். நாள் முழுக்க, புத்தகத் தட்டுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில், சேலை உடுத்து, சப்பாத்துப் போட்டு, குளிர்கோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் பிரஷர் குக்கர். மத்தியானம் எனக்கும் ஜூடிக்கும் புளிச்சாதம் தந்தார். வந்த வாடிக்கையாளர்கள் வணக்கம் சொல்லிவிட்டு, வரிசையில் அவர்தான் முதல் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். ஜூடி அவர்களிடம் பெருமையோடு சொன்னார்: 'நீங்கள் வாருங்கள். இவர் ஏற்கெனவே பயணத்தில் இருக்கிறார்.'

திருப்பிக் கொடுத்த அறை

அக்கா போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சின்னண்ணை இறங்கியிருப்பார். இப்போது பெரியண்ணை இறங்கியிருப்பார். இப்போது இருவரும் முகத்துக்கு முகம் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கு சிட்னி ரிக்கற் எழுத உட்கார்ந்து, பாதியில் பார்படோஸ் என்று எழுதி, கார்பனோடு கிழித்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலை ஃபாக்ஸ் வந்து கிடந்தது. அதே விடுதிப் பெண்தான், ஆனால் இந்த முறை வேடிக்கை ஒன்றும் எழுதவில்லை. உங்கள் குழுவினர் மூன்று அறைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கணக்கில் கழித்துக்கொள்ளவும் என்று ஒற்றை வரி. யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அப்போது மயாமியில் பெட்டியில் சாய்ந்து குந்தியிருப்பார், சொல்ல வழியில்லை. குக்கரோடு போய் இறங்கி, ஒரு அண்ணன் மட்டும் நிற்பதைப் பார்க்கப் போகிறார். வினோவின் கலியாணம் அதோடு சரி. விடுதிக்குப் போன் போட்டுக் கேட்போமா என்று ரிசீவரைத் தூக்கினேன். ஜூடி என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். 'கேட்காதே, சூ. கேட்டால் தெரிந்துவிடும்' என்றார்.

வாசலில் நின்ற பெட்டி

ஒரு கிழமை கழித்து எதிரே பஸ் நின்றது. தவமணி அக்கா இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, ஆறுதலாகக் கடந்து வந்தார். வேலைக்குப் போகிற உடுப்பு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னப் போத்தல் மிளகாய்ச் சோஸை ஜூடியின் மேசையில் வைத்தார். அந்தப் பெண் சொன்னது உண்மைதான், சரியான உறைப்பு என்றார். யார் போனது என்று நான் கேட்டேன். போனதா, யார் போனது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சின்னண்ணை முதல் நாள் வந்து தனியாகக் கிடந்திருக்கிறார். மறுநாளுக்குள் விடுதியில் எல்லாம் பழக்கமாகிவிட்டது. தேநீர் எங்கே, சீனி எங்கே, வேலைசெய்கிறவர்களின் பெயர் என்ன எல்லாம் தெரியும். பேசத்தான் ஆளில்லை. தங்கச்சி இன்றைக்கே வந்தாலும் வருவாள் என்று வாசல் வராந்தாவில் காத்திருந்தார். டாக்ஸி வந்தது. இறங்கியது தமையன். செத்தவீட்டில் பார்த்ததற்கு இப்போது தலை முழுக்க நரை. ஒரு கையில் பெட்டி, மற்றக் கை இடுப்பில். சின்னண்ணை எழுந்து நின்று, இரண்டு படி இறங்கி, பெட்டியை வாங்கி, 'வாங்கோ அண்ணை' என்று சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகுதான் தாங்கள் பேசாதவர்கள் என்பது ஞாபகம் வந்ததாம். பெரியண்ணை 'ஓம்' என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே தம்பி தேநீர் போட்டார். தமையனுக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்கவில்லை, தெரியும். பின்னேரம் இருவரும் சேர்ந்து அக்காவைத்தான் திட்டினார்களாம், எங்களை ஏமாற்றிவிட்டாள் என்று. திட்டத் திட்ட நேரம் போய், ஏன் இரண்டு அறை, வீண் செலவு என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா போய் இறங்கியபோது இருவரும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஏன் இவ்வளவு பிந்தி வாறாய் என்று கேட்டார்களாம்.

எனக்கு அழுகை வந்தது. என் சொந்த அண்ணன் ஜெர்மனியில், சொந்த அக்கா பிரான்சில். நாங்கள் சண்டை பிடித்தவர்கள்கூட இல்லை. ஆனாலும் ஒரே வராந்தாவில் இருந்து எவ்வளவோ காலம். சின்னண்ணை கட்டாயம் 'வாங்கோ' சொல்வார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா பஸ் நேரம் பார்த்துக்கொண்டே சொன்னார்: 'முதல் வந்து இருக்கிறவன்தானே வீட்டுக்காரன்? வாசலிலை பெட்டியோடை நிக்கிற ஆளைப் பாத்து வாங்கோ எண்டு சொல்லாமல் இருக்க எங்கடை அம்மா எங்களைப் பழக்கேல்லை.'

வாழைப்பழத் தட்டு

அடுத்த நாளும் அக்கா வந்தார், விட்டுப்போன ஒன்றைச் சொல்ல. பெட்டியில் குக்கரோடு வினோவின் கலியாண அழைப்பிதழ்களையும் கொண்டுபோயிருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. கடைசி நாள் காலை குளித்து, சேலை மாற்றி, விடுதித் தட்டு ஒன்றைக் கழுவித் துடைத்து, வாழைப்பழமும் குங்குமமும் வைத்து, வராந்தாவில் இரண்டு அண்ணன்மாரையும் நாற்காலியில் இருத்தி, முறையாகக் கையில் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். வெற்றிலை இல்லை, அந்தத் தீவில் தேடிப் பார்த்தாராம். கடலில் குளித்துவிட்டுத் துவாயோடு போன வெள்ளைக்காரர்கள், ஏதோ பூசை நடக்கிறது என்று கொஞ்சம் விலகி நடந்தார்களாம். உறையில் பெயர்கள் கையால் எழுதியிருந்தன. பெரியண்ணை தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: 'பாத்தியோ, இந்த முறை தபால்காரன் வரேல்லை.'

கடல் எப்படி இருந்தது

கலியாணத்துக்கு எனக்கும் ஜூடிக்கும் அழைப்பு. அக்காவும் கணவரும் கடைக்கு நேரில் வந்து, ஜூடியின் கவுண்டரில் தட்டு வைத்துத்தான் கூப்பிட்டார்கள். மவுண்ட் ரொஸ்கில் பக்கம் ஒரு மண்டபம். ஜூடி வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு தொப்பி போட்டு வந்தார். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் வேட்டி சால்வையோடு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் 'வாங்கோ' என்று சொல்லி முடிக்குமுன் மற்றவர் 'வாங்கோ, வாங்கோ' என்றார். யார் முதல் சொல்வது என்று அவர்களுக்குள் போட்டி நடந்தது வாசல் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். பிறகு வினோவை இருவரும் இரண்டு பக்கம் நின்று மணவறைக்கு அழைத்து வந்தார்கள். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜூடி தன் கடைச் சுவரில், போய் வந்தவர்கள் கொடுக்கும் கடற்கரைப் படங்களை ஒட்டி வைப்பார். அக்கா கொடுத்ததையும் ஒட்டினார். நீச்சலுடைகளுக்கு நடுவில், ஒரு வராந்தா, மூன்று நாற்காலி, மூன்று பேர், மேசையில் ஒரு பிரஷர் குக்கர். வருகிறவர்கள் எல்லாம் இது எந்த ஊர் என்று கேட்பார்கள். கடை மூடப்பட்டு, அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வந்தபோது, வேறு எதையும் நான் கேட்கவில்லை, அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கலியாணப் பந்தியில் பெரியண்ணைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. திரும்பி வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, பழக்க தோஷத்தில் அவரிடமும் கேட்டேன்: கடல் எப்படி ஐயா இருந்தது? அவர் கையில் எடுத்த சோற்றோடு யோசித்தார். பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் இல்லை. 'கடலோ பிள்ளை? அது சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தது. எங்களுக்குக் கதைக்கவே நேரம் காணேல்லை' என்றார்.

கடல் சூழ்ந்த ஊரிலிருந்து கடல் சூழ்ந்த இன்னோர் ஊருக்கு, உலகத்தின் பாதியைச் சுற்றி நான் அனுப்பிவைத்த ஒரே தமிழ்க் கடற்கரை விடுமுறையில், கடைசிவரை ஒருவர் காலும் நனையவில்லை.